எந்த ராத்திரிக்கு இந்தத் தள்ளுபடி?

எங்கள் டிரெய்லரின் பின்பக்கத்தில் ஒரு காலத்தில் நான்கு ஸ்டிக்கர்கள் இருந்தன. நான்கும் நான்கு கேம்பிங் கிளப்புகளுடையவை; சந்தா வாங்கிக்கொண்டு, வண்டியோடு போய்த் தங்கும் இடங்களில் சலுகை தருகிற கிளப்புகள். டெக்சஸ் வெயிலில் வெளுத்துப்போய் இரண்டில் எழுத்தே தெரியவில்லை. அந்த இரண்டையும் சேர்த்து மூன்றைப் போன மாதம் ஹேர் டிரையரால் சூடுகாட்டி உரித்தேன். ஒன்றை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். கணக்குப்படி பார்த்தால் முதலில் உரித்திருக்க வேண்டியது அதைத்தான்.

2021இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் ஆர்விக்கள், அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் பயண வண்டிகள், வெளியே வந்தன. அதுவரை எந்த வருடமும் அவ்வளவு வந்ததில்லை. விமானத்தில் ஏறப் பயந்து, வீட்டில் அடைந்து கிடந்து அலுத்துப்போன குடும்பங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வண்டி வாங்கின. நாங்களும்தான். 24 அடி டிராவல் டிரெய்லர். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போவது. உள்ளே ஒரு கட்டில், பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, இரண்டு அடுப்பு, ஒரு குட்டிக் கழிப்பறை. மாமியார் முதல்முறை உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, "ரயில்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் மாதிரி இருக்கு, ஆனா டிக்கெட்டுக்காரர் வரமாட்டார்" என்றார்.

டிக்கெட்டுக்காரர் வரத்தான் செய்கிறார். வண்டி வாங்கினால் தங்கும் செலவு மிச்சம் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வாங்குகிறோம். வாங்கிய பிறகுதான் தெரிகிறது, வண்டியை நிறுத்தும் இடத்துக்கு ராத்திரி வாடகை உண்டு என்று. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு இருக்கும் இடத்தை 'ஃபுல் ஹூக்கப்' என்பார்கள். தனியார் கேம்ப்கிரவுண்டில் அதற்கு 50, 60, ஊரைப் பொறுத்து 90 டாலர்கூட ஆகும். அந்த விலையைப் பார்த்து முகம் சுருங்குகிற அந்த நொடியில்தான் கிளப்புகள் கையைப் பிடிக்கின்றன. "வருடத்துக்கு 40 டாலர் கட்டுங்கள், 10 சதவீதம் தள்ளுபடி." "50 டாலர்கூட ஆகாது, பாதி விலைக்கே தங்கலாம்." என் கணவர் இந்த மாதிரி வாசகங்களுக்குச் சீக்கிரம் இளகுகிறவர். முதல் ஆறு மாதத்தில் நான்கு கிளப்பில் சேர்ந்துவிட்டோம்.

இந்தக் கிளப்புகளின் பிறவிக் கதைகள் எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். குட் சாம் கிளப் 1966இல் ஒரு வாசகர் கடிதத்திலிருந்து தொடங்கியது. யூட்டா மாநிலத்து டிரெய்லர்காரர் ஒருவர் ஒரு பத்திரிகைக்கு எழுதினார்: வழியில் வண்டி நின்றுபோனால் இறங்கி உதவத் தயாராக இருக்கிறவர்கள் தங்கள் வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமே என்று. பைபிளில் வரும் நல்ல சமாரியன்தான் அந்த 'சாம்'. அதாவது அந்த ஸ்டிக்கருக்கு முதலில் இருந்த பொருள் 'நான் உதவுகிறேன்' என்பது. இன்றைக்கு 'எனக்குத் தள்ளுபடி உண்டு' என்பதாக ஆகிவிட்டது. தனியார் கேம்ப்கிரவுண்டுகளின் சங்கிலியான கேஓஏ அதற்கும் முன்னால் வந்தது. 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிற கார்கள் மொன்டானாவின் பில்லிங்ஸ் வழியாகப் போவதைப் பார்த்த ஒருவர், தன் ஆற்றங்கரை நிலத்தில் முகாமிட இடம் போட்டுக் கொடுத்தார். உறுப்பினர்களுக்கென்று முகாம் இடங்கள் நடத்தும் தௌசண்ட் டிரெயில்ஸைத் தொடங்கிய மில்ட் குவோல்ட் முன்னாள் போயிங்காரர். பின்னாளில் ஹொரைசன் ஏர் என்ற விமான நிறுவனத்தையும் அவர்தான் தொடங்கினார். நகர்ந்துகொண்டே இருக்கிறவர்களிடம் எப்படிக் காசு வாங்குவது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சரி, எங்கள் கதை. 2022 கோடையில் மாமனாரும் மாமியாரும் கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் வந்திருந்தார்கள். மாமா கூட்டுறவு வங்கியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றும் பேரேட்டை மூடாதவர். வீட்டுக்குப் பால் வாங்குவது முதல் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு வைத்திருப்பார். அந்தச் சமயத்தில் ஓர் ஏரிக்கரை கேம்பிங் ரிசார்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு இரவு இலவசம், கையோடு ஒரு பரிசுக் கூப்பன். பதிலுக்கு 90 நிமிடம் அவர்கள் இடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர் வேண்டாம். எந்த ஊரில் போனாலும் இந்த நாடகம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

90 நிமிடம் என்றது மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. நீச்சல் குளம், மினி கோல்ஃப், படகுத்துறை எல்லாம் காட்டி முடித்து ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். முதலில் சொன்ன விலை 9,800 டாலர். நாங்கள் வாயைத் திறக்குமுன் 7,500 ஆனது. மேலாளர் ஒருவர் வந்து கைகுலுக்கிய பிறகு 4,900. "இன்றைக்கு மட்டும்." அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ராத்திரி வாடகையே இல்லை, வருடச் சந்தா மட்டும் 600 சொச்சம். பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்திருந்தார்கள். "இவ்வளவு பெரிய வண்டி வாங்கியிருக்கிறீர்கள், இதற்குப் போய் யோசிக்கிறீர்களே" என்றார் அந்த விற்பனையாளர். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழலாமா என்பதை அவர் ஆங்கிலத்தில் சொன்ன மாதிரி இருந்தது. இங்கே அங்குசமே குட்டி யானை விலை.

கணவர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். அதுவரை பேசாமல் இருந்த மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, வருஷத்துக்கு எத்தனை ராத்திரி இந்த வண்டியில படுப்பீங்க?"

"இருபது, இருபத்தஞ்சு இருக்கும் மாமா."

"எந்தெந்தக் கிழமை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாமா அத்தோடு விடவில்லை. அந்த ஆளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொன்னார்: வருடச் சந்தா ஏறுமா? வேண்டாம் என்றால் எப்படி வெளியே வருவது? முதலாவதற்கு "கொஞ்சம் ஏறலாம்" என்று பதில் வந்தது. இரண்டாவதற்குச் சிரிப்புதான் வந்தது. "யாருமே வெளியே போக விரும்பினதில்லை" என்றார். மாமா தன் மகன் கையிலிருந்து பேனாவை வாங்கித் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அது அவர்களுடைய பேனா. இன்னும் கும்பகோணத்தில்தான் இருக்கிறது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. இப்படி ஆயிரக்கணக்கில் வாங்கும் உறுப்பினர் உரிமை, நிலம் வாங்குவது மாதிரி இல்லை. உங்கள் பெயரில் ஒரு செங்கல்கூட வராது. அங்கே தங்கும் உரிமையைத்தான் வாங்குகிறீர்கள். வண்டியை விற்றுவிட்டாலும், முட்டிவலி வந்து பயணத்தை நிறுத்திவிட்டாலும், ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதன்படி சந்தா தொடரும். வேறொருவருக்கு விற்கப் பார்த்தால் போட்டதில் சிறு பங்குதான் திரும்பும். இதனாலேயே கலிஃபோர்னியா, வாஷிங்டன், டெக்சஸ் போன்ற மாநிலங்களில் இந்த ஒப்பந்தங்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. கையெழுத்திட்ட பிறகும் சில நாட்களுக்குள் ரத்து செய்யலாம். அவசரப்பட்டுக் கையெழுத்திட்டவர்கள் வீட்டுக்குப் போன கையோடு அந்தத் தாளைத் தேடுங்கள். நாட்கள் மிகக் குறைவு.

ஆனால் மாமா என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எந்தக் கிழமை?

வீட்டுக்கு வந்து அந்த வருடம் முழுக்க ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். 23 இரவுகள். அதில் 14 வெள்ளி, சனி. 6 பள்ளி விடுமுறை நாட்கள்: ஸ்பிரிங் பிரேக், தேங்க்ஸ்கிவிங், ஜூலை. சாதாரண வார நாள் என்று பார்த்தால் மூன்றே மூன்று இரவு; அதுவும் நெடும்பயணத்தின் நடுவில் வழியில் தங்கியவை.

இப்போது பாதி விலைக் கிளப்பின் பட்டியலை எடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் கீழே இருக்கும் சிறிய எழுத்தைப் படித்தேன். ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டும். விடுமுறை வாரங்களில் இல்லை. சில இடங்களில் கோடை மூன்று மாதமும் இல்லை. அதிகபட்சம் இரண்டு இரவு. இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது. கேம்ப்கிரவுண்ட் முதலாளியின் பக்கமிருந்து பாருங்கள். சனிக்கிழமை அவர் இடம் எப்படியும் நிரம்பும். அதைப் பாதி விலைக்குக் கொடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து? செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடக்கிற இடத்தில் பாதி வந்தாலும் லாபம். ஆக, அவர்கள் தள்ளுபடியில் விற்பது செவ்வாய்க்கிழமையை. நாங்கள் வாழ்வது சனிக்கிழமையில். இரண்டும் சந்திப்பதே இல்லை. அந்த வருடம் நாங்கள் அந்த அட்டையை ஒரே ஒரு முறை பயன்படுத்தினோம். 52 டாலர் இடம் 26 டாலருக்குக் கிடைத்தது. அட்டைக்குக் கட்டியது 45 சொச்சம்.

10 சதவீதக் கிளப்புகளின் கணக்கு இன்னும் எளிது. 65 டாலர் இடத்தில் மூன்று இரவு தங்கினோம், 19.50 மிச்சம். கட்டியது 35 டாலருக்கு மேல். ஐந்தாறு இரவு அதே கிளப்பின் இடங்களில் தங்குகிறவர்களுக்குச் சரிக்குச் சரி ஆகிவிடும். எங்களுக்கு ஆகவில்லை.

இதைவிட மெல்லிய தவறு ஒன்று உண்டு. பல மாதம் நானும் அதில்தான் இருந்தேன். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்துவிட்டு "இரண்டாயிரம் மிச்சம்" என்று சொல்லுவோமே, அது. மிச்சத்தை நாம் கணக்குப் போடுவது அவர்கள் எழுதியிருக்கும் விலையிலிருந்து. உண்மையில் போட வேண்டியது, தள்ளுபடி இல்லாவிட்டால் நாம் எங்கே தங்கியிருப்போமோ அந்த விலையிலிருந்து. டாலஸைச் சுற்றி இருக்கிற லூயிஸ்வில், கிரேப்வைன், லவான் ஏரிகள் எல்லாம் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு கட்டியவை. அவற்றின் கரைகளில் அரசாங்க முகாம் இடங்கள் உண்டு. மாநிலப் பூங்காக்களும் இருக்கின்றன. மின்சாரமும் தண்ணீரும் உள்ள இடம் 25, 30 டாலருக்குக் கிடைக்கும். எங்களுக்கு நீச்சல் குளம் தேவையில்லை, ஏரியே இருக்கிறது. அப்படியிருக்க 60 டாலர் ரிசார்ட்டில் பாதி விலைக்குத் தங்கினால் எனக்கு மிச்சம் 30 அல்ல, பூஜ்யம். அந்த இடம் நெடுஞ்சாலையிலிருந்து 30 மைல் உள்ளே இருந்தால், போக வர 60 மைல். டிரெய்லரை இழுக்கும்போது எங்கள் டிரக் காலனுக்குப் பத்து மைல் கொடுத்தாலே பெரிது. ஆறு காலன் பெட்ரோல் போட்டுப் போய்த் தள்ளுபடி வாங்கியிருக்கிறோம், ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

எங்களுக்குப் போட்ட காசை உண்மையிலேயே திருப்பித் தந்தது எந்தக் கிளப்பும் இல்லை, டெக்சஸ் மாநிலப் பூங்கா அட்டை. வருடத்துக்கு 70 டாலர். முகாம் வாடகை தனி, அதற்கு மேல் ஆளுக்கு ஒரு நுழைவுக் கட்டணம் தினமும் உண்டு. 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். அட்டை இருந்தால் வண்டியில் இருக்கிற யாருக்கும் அந்த நுழைவுக் கட்டணம் கிடையாது. மாமா, அத்தையோடு நான்கு பெரியவர்கள் என்றால் இரண்டு வார இறுதியிலேயே அட்டைக் காசு வந்துவிடுகிறது. ஆனால் இங்கே போராட்டம் விலையோடு இல்லை, நாட்காட்டியோடு. முன்பதிவு ஐந்து மாதம் முன்னாலேயே திறக்கும். பாலோ துரோ கேன்யனிலோ இங்க்ஸ் ஏரியிலோ வசந்தகாலச் சனிக்கிழமை ஒன்று வேண்டுமென்றால், தீபாவளிப் பலகாரம் சுடும்போதே கையில் போனோடு உட்கார வேண்டும்.

தேசியப் பூங்காக்களில் இந்தக் கிளப் அட்டைகள் எதற்கும் மதிப்பில்லை. அங்கே செல்லுபடியாவது அரசின் சொந்த அட்டை. இங்கே குடியிருக்கிறவர்களுக்கு வருடத்துக்கு 80 டாலர். 62 வயது ஆனவர்களுக்கு அதே 80 டாலரில் ஆயுள் அட்டையே உண்டு, பல இடங்களில் முகாம் வாடகையும் பாதியாகும். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். எழுபது வயது மாமாவுக்கு விசிட்டர் விசாவில் அது கிடைக்காது. "ரயில்வே சலுகையே நிறுத்திட்டாங்க, இவங்க மட்டும் தருவாங்களா" என்றார். நம்மவர்கள் பலர் தவறவிடுகிற இன்னொன்று, இங்கே நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கான இலவச அட்டை. செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை, பிள்ளையோடு காரில் வருகிற குடும்பத்துக்கே நுழைவுக் கட்டணம் இல்லை. மூத்தவள் நான்காம் வகுப்புக்குப் போன வருடம் அவள்தான் எங்கள் கிளப்.

கிளப்புகளே வீண் என்று சொல்ல வரவில்லை. நண்பர் குடும்பம் ஒன்று ஹூஸ்டன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒன்றரை வருடம் வண்டியிலேயே வாழ்ந்தது. அவருக்கு மடிக்கணினியில் வேலை. பிள்ளைகளுக்கு வண்டியிலேயே படிப்பு. அவர்கள் தௌசண்ட் டிரெயில்ஸின் வட்டார அட்டை ஒன்றை எடுத்தார்கள். ஓர் இடத்தில் 14 நாள் தங்கலாம். பிறகு ஒரு வாரம் அந்த அமைப்புக்கு வெளியே இருந்துவிட்டு அடுத்த இடம். டெக்சோமா ஏரி, டவாகோனி ஏரி, கான்ரோ ஏரி என்று டெக்சஸுக்குள்ளேயே சுற்றலாம். வருடத்தில் 150 இரவு அதில் தங்கினார்கள். 700 டாலர் என்று வைத்தால்கூட இரவுக்கு ஐந்து டாலருக்கும் கீழே. அவர்களுக்குச் செவ்வாயும் சனியும் ஒன்றுதான். ஓய்வுபெற்றவர்களுக்கும் அப்படியே. அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் அரசு நிலத்தில் குளிர்கால ஏழு மாதத்துக்கும் சேர்த்து 180 டாலர்தான். மின்சாரம் கிடையாது, சூரியத் தகடு வைத்துக்கொண்டு பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள்.

எனக்கு மதிப்பு உள்ள இன்னொரு கிளப் எஸ்கேப்பீஸ். 1978இல் ஒரு தம்பதி தொடங்கியது, டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது. வீடே இல்லாமல் வண்டியில் வாழ்கிறவர்களுக்கு முகவரி கொடுத்து, வரும் தபாலை எங்கே இருக்கிறார்களோ அங்கே அனுப்பி வைக்கிறார்கள். முதுமையில் ஓட்ட முடியாமல் போனவர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்தபடி கவனிப்புப் பெற அங்கே ஒரு மையமும் உண்டு. இதில் தள்ளுபடிக் கணக்கே எழவில்லை. நாங்கள் இன்னும் சேரவில்லை. அந்த வயதுக்கு ஒரு இருபது வருடம் இருக்கிறது.

உரிக்காத ஸ்டிக்கருக்கு வருகிறேன். ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ். 2010இல் தொடங்கியது. பண்ணைகள், திராட்சைத் தோட்டங்கள், சிறு அருங்காட்சியகங்கள் தங்கள் நிலத்தில் ஓர் இரவு வண்டியை நிறுத்த இடம் கொடுக்கும். வாடகை இல்லை. பெரும்பாலும் மின்சாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை; வண்டிக்குள்ளேயே எல்லாம் இருக்க வேண்டும். மரியாதைக்கு அவர்கள் கடையில் முப்பது டாலருக்காவது ஏதாவது வாங்க வேண்டும். நாங்கள் சேர்ந்தபோது வருடத்துக்கு 99 டாலர். பிறகு அது ஏறிக்கொண்டே போய்விட்டது. போன வருடம் நான்கு இரவு தங்கினோம். சந்தாவை நான்கால் வகுத்து, வாங்கிய சாமானையும் கூட்டினால் இரவுக்கு 75 டாலருக்குக் குறையாது. ஹூக்கப் உள்ள இடமே அதைவிட மலிவு. வீட்டில் யாரும் குடிக்காத ஒயின் பாட்டில்கள் மூன்று, கணவரின் அலுவலகத்துக்கு கிறிஸ்துமஸ் பரிசாகப் போயின. ஒட்டக இனத்து அல்பாகாவின் ரோமத்தில் செய்த காலுறைகள் கும்பகோணத்து பீரோவில் நாஃப்தலின் உருண்டைகளோடு கிடக்கின்றன.

ஆனால் கிராண்ட் கேன்யனுக்குப் போகும் வழியில் ஒரு மாட்டுப் பண்ணையில் தங்கினோம். இருட்டும் நேரம் போய்ச் சேர்ந்தோம். பண்ணைக்கார அம்மாள் கையில் வாளியோடு வந்து, எங்கே நிறுத்தலாம் என்று காட்டினார். அத்தை வண்டியை விட்டு இறங்கி நேரே தொழுவத்துக்குப் போய்விட்டார். கன்றுக்குட்டி தனியாக ஒரு தடுப்பில் நிற்பதைப் பார்த்து, "கன்னுக்கு விட்டாச்சா?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த அம்மாள் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். அரை மணி நேரம் இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்; என்னை ஒருமுறைகூட மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. முப்பது டாலருக்குப் பாலாடைக்கட்டி வாங்கினோம், அது ஆறு மாதம் ஃபிரிட்ஜில் இருந்தது.

போன வாரம் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. வாட்ஸ்அப்பில் பேசும்போது மாமாவிடம் சொன்னேன்.

"எத்தனை ராத்திரிம்மா ஆச்சு போன வருஷம்?"

"நாலு மாமா."

"எந்தக் கிழமை?"

"செவ்வாய், புதன், அப்புறம் ரெண்டு வியாழன்."

"பரவாயில்லையே" என்றார். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ராத்திரிக்கு என்ன விழுது?"

நான் தொகையைச் சொல்லுமுன் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது: "அந்த மாட்டுக்காரி வீட்டுக்குப் போறதுதானே? கட்டச் சொல்லுங்க."